பிரான்ஸில் ஆற்றுக் கப்பல்: செய்னா, ரோனா? அப்பா அம்மாவோடு போக எது தோது?

ஆலமரத்தடி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் அப்பா, அம்மா, மனைவி, நான் என்று நாலு பேரும் பிரான்ஸ் போகலாம் என்றிருக்கிறோம். ஊருக்கு ஊர் ஹோட்டல் மாற்றி, ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் பெட்டி தூக்கி ஓட அவர்களால் ஆகாது. அதனால் ஆற்றுக் கப்பலில் ஒரு வாரம் என்று முடிவு செய்தாயிற்று. பெட்டியை ஒரு தடவை பிரித்து வைத்தால் அதோடு சரி, தூங்கி எழுந்தால் அடுத்த ஊர் என்கிறார்கள்.

ஏஜென்ட் இரண்டு பேக்கேஜ் காட்டினார். ஒன்று செய்ன் ஆற்றில் பாரிஸிலிருந்து கிளம்பி வெர்னோன், ருவான், ஓன்ஃப்ளர் பக்கம் போய் மறுபடி பாரிஸ். இன்னொன்று ரோன் ஆற்றில் லியோனிலிருந்து தெற்கே அவிஞ்ஞோன், ஆர்ல் வரை. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு புத்தகத்திலும் ஒரே மாதிரி படம், அதே திராட்சைத் தோட்டம், அதே சிரிக்கிற வெள்ளைத் தலைத் தம்பதி, அதை வைத்து ஒன்றும் புரியவில்லை.

அப்பா பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் அணையைப் பார்க்கணும் என்பார். வலது முழங்காலில் வலி உண்டு, சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் நிறுத்தி நிறுத்தித்தான். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், எந்த ஆறு? ஏப்ரல் சரியான மாதமா?

---

மேலவீதி

இரண்டிலும் போயிருக்கிறேன். ஏஜென்ட் சொல்லாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடும். பகலில் ஒரு ஊரில் கட்டிப் போட்டுவிட்டு உங்களை இறக்கி விடுவார்கள், சாப்பாடு முடிந்து நீங்கள் படுக்கப் போகும்போது கயிற்றை அவிழ்ப்பார்கள். ஆற்றங்கரையில் வயலும் பசுவும் நகர்வதைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். அதனால் ஊர்ப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள், எந்தெந்த மத்தியானம் கப்பல் ஓடுகிறது என்று மணிக்கணக்கோடு கேட்டு வாங்குங்கள். அதைச் சொல்லத் தெரியாத ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள்.

இனி செய்ன். அழகான ஆறு, வளைந்து வளைந்து போகும், ஆனால் அது ஊர் பார்க்கிற பயணம்தான். வெர்னோனில் இறங்கினால் ஐந்து கிலோமீட்டரில் ஜிவெர்னி, ஓவியர் மோனே 1883 முதல் 1926ல் சாகும்வரை இருந்த வீடும் தோட்டமும். ஏப்ரல் 1ல் திறந்து நவம்பர் 1ல் மூடுவார்கள், ஏப்ரல் கடைசி என்றால் ட்யூலிப் பூத்துக் கிடக்கும், ஆனால் படத்தில் பார்த்த அல்லி அப்போது இருக்காது, அதற்குக் கோடை வரவேண்டும். தோட்டம் சமதரை, அப்பா தாராளமாக நடக்கலாம். காலையில் முதல் ஆளாகப் போகிற குழுவில் பெயர் கொடுங்கள், பத்தரை மணிக்கு மேல் பாரிஸிலிருந்து பஸ்கள் வந்து கொட்டிவிட்டுப் போகும், அப்புறம் குளத்து மேல் இருக்கிற அந்தப் பச்சைப் பாலத்தில் நிற்கவே இடம் இருக்காது.

லேசாந்தெலியில் ஷாத்தோ கயார் என்று ஒரு இடிந்த கோட்டை. இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்ட் 1196ல் ஆரம்பித்து இரண்டே வருடத்தில் கட்டி முடித்தது, அவர் செத்துக் கொஞ்ச நாளில், 1204லேயே பிரெஞ்சு ராஜா பிடித்துவிட்டார். மேலே நின்றால் செய்ன் வளைவு முழுசும், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையும் தெரியும். ஆனால் ஏற்றம் செங்குத்து. மூட்டு வலிக்காரர்கள் கீழே கப்பலிலிருந்தே பார்ப்பது நல்லது.

ருவானுக்காகவே இந்தப் பயணம் போகலாம் என்பேன். கப்பலிலிருந்து நடந்தே பழைய ஊருக்குப் போய்விடலாம், வீடெல்லாம் மரச்சட்டம் தெரிகிற மாதிரி கட்டியது, சில வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். கதீட்ரலின் கோபுர முனை 151 மீட்டர், வார்ப்பிரும்பு, 1876ல் முடித்தபோது உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான், நாலு வருடம்தான் அந்தப் பெருமை, பிறகு கொலோன் கதீட்ரல் முந்திவிட்டது. பழைய சந்தைச் சதுக்கத்தில்தான் 1431 மே 30ல் ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்தார்கள். அந்த இடத்தில் இப்போது 1979ல் கட்டிய ஒரு புது மாதிரி சர்ச் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் இது என்ன என்று தோன்றும். உள்ளே போங்கள். ஒரு சுவர் முழுக்க பதினாறாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அழிந்த வேறொரு சர்ச்சிலிருந்து, அழிவதற்கு முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியவை. எங்கள் குழுவில் பாதிப்பேர் வெளியே நின்று படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், மகா பாவம்.

ஓன்ஃப்ளர் சின்னத் துறைமுகம், கப்பல் கட்டும் தச்சர்கள் கட்டிய முழு மரச் சர்ச் இருக்கிறது, பார்த்தால் இரண்டு படகைக் கவிழ்த்து வைத்த மாதிரிதான் கூரை. நார்மண்டி போர்க் கடற்கரைக்கு அங்கிருந்து பஸ்ஸில் கூட்டிப் போவார்கள், போக வர மூன்று மணி நேரமாவது பஸ்ஸிலேயே போகும், முழு நாள் காலி. போரில் ஆர்வம் இல்லாவிட்டால் அன்றைக்கு ஊரிலேயே இருங்கள்.

ஏப்ரலில் ஒரு ஆபத்து உண்டு, வெள்ளம். தண்ணீர் ஏறினால் பாரிஸ் பாலங்களுக்கு அடியில் கப்பல் நுழையாது. 2016 ஜூனில் பாரிஸில் 6.10 மீட்டர் ஏறி லூவ்ர் அருங்காட்சியகத்தையே மூடிப் படங்களை மாடிக்கு ஏற்றினார்கள். நான் போன ஒரு தடவை தண்ணீர் அந்த அளவுக்கெல்லாம் இல்லை, ஆனாலும் பாதிப் பயணத்தைப் பஸ்ஸில் முடித்து வைத்தார்கள், கம்பெனி பெயர் வேண்டாம், ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் அதற்கு இடம் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

---

இரண்டாம்பாலம்

லியோனில் வேலை பார்க்கிறேன். மேலவீதி சார் சொன்னது சரிதான், ஆனால் உங்கள் அப்பா நீர்ப்பாசனத்துக்காரர் என்று எழுதிவிட்டு செய்னா ரோனா என்று கேட்கிறீர்களே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

லியோனிலிருந்து கடல் வரை ரோனில் 12 லாக், அதாவது கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரோடு ஏற்றி இறக்குகிற தொட்டி. ஒவ்வொன்றும் அணையும் மின் நிலையமும் சேர்ந்தது. 1933ல் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கி, மின்சாரம், படகுப் போக்குவரத்து, பாசனம் மூன்றையும் அதன் தலையில் கட்டினார்கள், இன்றைக்கும் ஆறு அதன் கையில்தான். எல்லாவற்றிலும் பெரியது பொல்லேன், 1952ல் திறந்தது. கப்பல் சுமார் 23 மீட்டர் இறங்கும். லாக்கின் அகலம் 12 மீட்டர், கப்பல் 11.4 மீட்டர், அப்படியென்றால் பக்கத்துக்கு ஒரு முழம்கூட இல்லை. மேலே டெக்கில் நின்று பாருங்கள், முதலில் சுற்றிலும் வெயிலும் மரமும் தெரியும், பிறகு பாசி பிடித்த ஈரச் சுவர் இரண்டு பக்கமும் எழும்பிக்கொண்டே போகும், கயிறு மாட்டியிருக்கிற இரும்பு முளை கப்பலோடு சேர்ந்து சுவருக்குள்ளேயே கிறீச்சிட்டுக்கொண்டு கீழே இறங்கும், காற்று குளிர்ந்துவிடும், தலைக்கு மேலே வானம் ஒரு பட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். அப்பாவை அங்கிருந்து கிளப்ப முடியாது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சில பயணத் திட்டங்களில் பொல்லேனை விடியற்காலையில் தாண்டிவிடுவார்கள். கேட்டு வைத்துக்கொண்டு அலாரம் வையுங்கள்.

கிராமப்புறம் என்றால் முழுக்கத் திராட்சையும் கோட்டையும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். க்ரூவாஸ் அணுமின் நிலையத்தை ஒட்டித்தான் போவீர்கள், நாலு குளிர்விப்புக் கோபுரம், அதில் ஒன்றில் 1991ல் ஒரு குழந்தை விளையாடுகிற மாதிரி பிரம்மாண்டமாகப் படம் வரைந்திருக்கிறார்கள். சிலருக்கு அது கண்ணுக்குக் கரடு. எனக்குப் பிடிக்கும், உழைக்கிற ஆறு என்று அப்போதுதான் தெரிகிறது.

ஊர்களைப் பற்றி. தூர்னோனில் 1825ல் மார்க் செகாங் என்பவர் கம்பிவடத்தில் தொங்கு பாலம் கட்டினார், ஐரோப்பாவில் அந்த மாதிரிப் பெரிய பாலங்களில் முன்னோடி அது. அதை இடித்துவிட்டார்கள், ஆனால் 1840களில் கட்டிய இன்னொரு தொங்கு பாலம் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் நடந்தே எதிர்க்கரை போகலாம், மரப்பலகைத் தளம். எதிர்க்கரையில் புகழ்பெற்ற சாக்லேட் கம்பெனி ஒன்றின் கடை, வாசனை தெரு வரைக்கும் வரும். விவியே என்று ஒரு மலை ஊர், சத்தமே இல்லாத ஊர், பிரான்ஸின் மிகச் சின்ன கதீட்ரல்களில் ஒன்று அங்கே. ஏற்றம் உண்டு, கூழாங்கல் பதித்த தெரு வேறு, மூட்டுக்கு ஆகாது. அவிஞ்ஞோனில் கப்பல் மதில் சுவருக்குப் பக்கத்திலேயே நிற்கும். 1309 முதல் 1377 வரை போப்புகள் ரோமை விட்டு இங்கேதான் இருந்தார்கள், அவர்கள் அரண்மனை உள்ளே ஏகப்பட்ட படி. அப்பாவுக்கு அது வேண்டாம், அதற்குப் பதிலாகப் பாதியில் நிற்கிற பழைய பாலத்துக்குப் போங்கள், 22 வளைவில் இப்போது மீதி 4. வெள்ளம் அடித்துக்கொண்டு போகப் போக கட்டிக் கட்டிப் பார்த்து, பதினேழாம் நூற்றாண்டில் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஆர்லில் எல்லாரும் ரோமானியர் அரங்கத்துக்கும் வான் கோ வரைந்த இடங்களுக்கும் ஓடுவார்கள். அங்கே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவர் இருந்த மஞ்சள் வீடு 1944 குண்டுவீச்சில் சேதமாகி அப்புறம் இடித்துவிட்டார்கள், தேடி அலையாதீர்கள். நீங்கள் பழம்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ரோன் ஆற்றின் அடியிலிருந்து 2011ல் தூக்கிய 31 மீட்டர் ரோமானியச் சரக்குப் படகு அங்கே இருக்கிறது, தட்டை அடி, கிட்டத்தட்ட முழுசாக. ஈராயிரம் வருடத்துக்கு முன் நீங்கள் வந்த அதே ஆற்றில் சரக்கு ஏற்றி ஓட்டிய படகு. கட்டடமும் சமதரைதான். கப்பல்காரர்களின் சுற்றுலாவில் இது அநேகமாக இருக்காது, டாக்ஸி பிடித்துப் போங்கள்.

போன் து கார், ரோமானியர் கட்டிய வாய்க்கால் பாலம், தனியாகப் பணம் கட்டிப் போகிற சுற்றுலாவாக வைத்திருப்பார்கள், விலை பார்க்காமல் போங்கள். 49 மீட்டர் உயரம், நீம் ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோன 50 கிலோமீட்டர் வாய்க்காலின் ஒரு துண்டு. அந்த 50 கிலோமீட்டருக்கும் மொத்தச் சரிவு 12, 13 மீட்டர்தான் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள், மீதியை அவரே பேசிக்கொள்வார்.

குறை என்றால் மிஸ்த்ரால். வடக்கிலிருந்து அடிக்கிற காற்று, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், டெக்கில் நாற்காலி நிற்காது. ஏப்ரலில் அது சகஜம், பனிமழைத் தண்ணீரும் இறங்குகிற நேரம். செப்டம்பருக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள், திராட்சை அறுவடையும் பார்க்கலாம். லாவெண்டர் மட்டும் கிடைக்காது, அது ஜூன் பாதிக்கு மேல், ஜூலையில்.

---

லா சப்பல் அக்கா

தம்பி, நான் பாரிஸில் கனகாலமாய் இருக்கிறேன், சாப்பாட்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். இங்கே சைவம் என்று சொன்னால் மீன் சாப்பிடுவீர்கள்தானே என்று கேட்பார்கள். மரக்கறி சூப் என்று வைப்பார்கள், அடியில் கோழி எலும்பு அவித்த தண்ணீர் இருக்கும். ஜெலட்டின் இனிப்பில் வரும். முட்டை இல்லாத கேக் என்பது இவர்களுக்கு விளங்காது. அதனால் 'சைவம்' என்று ஒற்றைச் சொல்லோடு விடாமல், இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, எலும்புச் சாறு இல்லை, பால் தயிர் வெண்ணெய் ஓகே என்று பிரெஞ்சில் எழுதி, பதிவு செய்யும்போதே ஒருக்கா, கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது இன்னொருக்கா அனுப்புங்கோ. கப்பலில் ஏறிய அன்றைக்கே சமையல் பொறுப்பாளரை நேரே கண்டு கதையுங்கோ. ஆற்றுக் கப்பலில் ஆட்கள் குறைவு, இருநூறு பேருக்குள்தான், கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் அதே காளானும் பாஸ்தாவும் திரும்பத் திரும்ப வரும், அம்மாவுக்கு அதை முதலே சொல்லி வையுங்கோ.

பாரிஸில் ஒரு இரவு நிற்பீர்கள் என்றால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பல் வாருங்கோ, ஃபோபூர் சேன் தெனி தெரு முழுக்க எங்கட கடைகள். இட்லிப்பொடி, ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு எல்லாம் கிடைக்கும், இந்தியாவிலிருந்து சுமந்து வரத் தேவையில்லை. லியோன் போக ரயில் கார் து லியோனில், அது கார் து நோரிலிருந்து ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயில் பாதையில் இரண்டாவது தரிப்பு. லா சப்பலில் சாப்பிட்டுவிட்டே ரயில் ஏறலாம்.

---

வாய்க்கால்காரன்

எல்லாரும் கோபிக்காதீர்கள், எனக்கு இந்த நூற்றுப் பத்து மீட்டர் மிதக்கும் ஹோட்டலே பிடிக்காது. ஒருத்தர் மைக்கில் பேசிக்கொண்டே போவார், நாற்பது பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பின்னால் போவார்கள், அப்புறம் ஒரு மணி நேரம் 'ஓய்வு நேரம்', அதில் கழிப்பறை தேடுவதே பாதி. நாலு பேர் இருக்கிறீர்கள், தெற்கே கனால் து மிதி என்கிற வாய்க்காலில் ஒரு படகை வாடகைக்கு எடுங்கள். லைசென்ஸ் தேவையில்லை, ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லித் தருவார்கள், அதிகபட்சம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். சமையல் மேடை உள்ளேயே இருக்கிறது, அம்மா சாம்பாரே வைக்கலாம், மேலே அக்கா சொன்ன தொல்லை எதுவும் கிடையாது.

நீர்ப்பாசனக்காரர் பார்க்க வேண்டியது ரோன் இல்லை, இதுதான். பியேர் பால் ரிக்கே என்று ஒரு வரி வசூல் அதிகாரி, பொறியாளரே கிடையாது, 1666ல் ஆரம்பித்து துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை 240 கிலோமீட்டர் வெட்டினார். மேட்டில் வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் எல்லாரையும் தடுத்த கேள்வி. அவர் கருமலைப் பக்கத்து ஓடைகளை எல்லாம் வளைத்து, சேன் ஃபெரியோலில் ஒரு அணை கட்டித் தேக்கி, உச்சிக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் இறக்கினார். சொந்தப் பணத்தையும் அதில் கொட்டிவிட்டு, 1681ல் திறப்பதற்கு ஏழெட்டு மாதம் முன்னால் 1680ல் செத்துப்போனார். அந்த அணை இன்றும் வேலை செய்கிறது.

லாக்கில் கயிறு பிடிக்க, குதித்து இறங்க இரண்டு பேருக்காவது தெம்பு வேண்டும், நீங்களும் மனைவியும் போதும், அப்பா ஸ்டியரிங் பிடிக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லாக்குக்காரர்கள் மூடிவிடுவார்கள், அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. ஒன்று சொல்லணும், பழைய படங்களில் இருக்கிற மாதிரி கரை நெடுக நிழல் இனி கிடைக்காது. 2006லிருந்து ஒரு பூஞ்சை நோய் பிளேன் மரங்களை அழித்து வருகிறது, ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள், புதுக் கன்று வைத்திருக்கிறார்கள். வெயில் தொப்பி அவசியம்.

---

ஆலமரத்தடி

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் காட்டினேன், பொல்லேன் பத்தியை இரண்டு தடவை படித்தார். படகு வாடகை யோசனைக்கு அம்மா, "லீவுக்குப் போயும் நான்தான் சமைக்கணுமா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், வாய்க்கால்காரன் மன்னிக்கவும். அநேகமாக ரோன், செப்டம்பர். இன்னும் இரண்டு சந்தேகம். மலிவு கேபின் எடுத்தால் பரவாயில்லையா? அப்புறம் மனைவி லுவார் ஆற்று அரண்மனைகளையும் கப்பலில் பார்க்க முடியுமா என்று கேட்கிறாள்.

---

மேலவீதி

லுவாரை மறந்துவிடுங்கள், மணல் திட்டும் ஆழமில்லாத தண்ணீரும். அதற்கென்றே துடுப்புச் சக்கரம் வைத்துக் கட்டிய ஒரு கப்பல் 2015ல் வந்தது, அதுகூட நாந்த் பக்கம்தான். ஷாம்போர், ஷெனோன்சோ எல்லாம் வேண்டுமென்றால் தூர் ஊரில் தங்கிக் காரில்தான் போகணும்.

மலிவு கேபின் என்றால் அடித்தளம், ஜன்னல் தண்ணீருக்குச் சற்று மேலே, திறக்காது. தூங்க மட்டும் என்றால் போதும்தான். ஆனால் பல கப்பல்களில் லிஃப்ட் அந்தத் தளம் வரை இறங்காது, அப்பாவுக்காக நடுத்தளம் எடுங்கள். 'பிரெஞ்சு பால்கனி' என்று கூடக் காசு கேட்பார்கள், அது நிற்கிற இடம் இல்லை, தள்ளுகதவும் ஒரு கம்பியும்தான். அதற்கும் மேல் ஊரில் கப்பலோடு கப்பலை ஒட்டிக் கட்டுவார்கள், காலையில் திரையை விலக்கினால் பக்கத்துக் கப்பல்காரர் பனியனோடு பல் தேய்த்துக்கொண்டு இருப்பார். கரைக்குப் போக அந்தக் கப்பல் வழியாகத்தான் நடக்கணும், நடுவில் இரண்டு மூன்று படி ஏறி இறங்க வேண்டியிருக்கும், அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், இப்போது 90 யூரோ, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கப்பல் பதிவுச் சீட்டில் நாலு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பாருங்கள், நம் ஊர் இனிஷியலை அங்கே குடும்பப் பெயர் ஆக்கிவிடுவார்கள். திரும்பும்போது அவிஞ்ஞோனிலிருந்து பாரிஸுக்கு அதிவேக ரயில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள், ஆனால் அந்த ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, மதில் பக்கத்து நிலையத்தில் போய் நிற்காதீர்கள்.

---

இரண்டாம்பாலம்

செப்டம்பர் நல்ல முடிவு. லியோனில் ஒரு நாள் முன்னதாக வந்துவிடுங்கள், ஃபூர்வியேர் மலைக்கு இழுவை ரயில் இருக்கிறது, படி ஏறவே வேண்டாம், மேலே ரோமானியர் நாடக அரங்கைக் கடைசிப் படிவரிசைக்கு மேலே நின்றே பார்க்கலாம், உள்ளே இறங்காதீர்கள். ரோனும் சோன் ஆறும் சேருகிற முனைக்கு டிராம் போகும், இரண்டு தண்ணீரும் இரண்டு நிறத்தில் வரும், அங்கே உட்கார பெஞ்சும் உண்டு. தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், அந்த வாரம் எந்த லாக்கிலாவது பராமரிப்பு வேலை அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.